எண்ணெய் தேடும் படிப்பு: காணியை விற்க முன்னர்



கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு தாயின் கடிதம் வந்திருக்கிறது. அவருடைய மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் தோற்றிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். பூமிக்குள் எண்ணெய் தேடும் விஞ்ஞானத்தைத்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். கொழும்பிலுள்ள ஒரு முகவர் நிலையத்தார் வெளிநாட்டுத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றைக் காட்டி, நான்கு வருடத்தில் 'பெற்றோலியப் பட்டம்' கிடைக்கும், முடித்த கையோடு வளைகுடாவில் வேலை என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் இரண்டு வருடக் கட்டணத்துக்கே வாப்பா கட்டாரில் உழைத்து வாங்கிய காணியை விற்றாக வேண்டும். "இவளுக்கு வீடு கட்டவென்று வைத்திருந்த காணி. விற்றுவிட்டுப் படிப்பும் சரிவராமல் போனால் நாளைக்கு இவளை எங்கே இருத்துவது?" என்று கேட்கிறார் அந்தத் தாய்.

இந்த மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்கிவிட்டேன். இதே கேள்வி வேறு உருவத்தில் வேறு பல வீடுகளிலும் இருக்கிறது. பெரிய பெயர் தாங்கிய படிப்புகளின் விளம்பரங்கள் பெறுபேறு வரும் காலத்தில்தான் வீடு தேடி வருகின்றன.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகள் இந்தத் துறைக்குப் போகட்டும். காணியை விற்க வேண்டாம். ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்க வேண்டிய துறையல்ல இது. எப்படியென்று சொல்வதற்கு முன், அந்தப் பிள்ளை ஆசைப்படும் தொழில் என்னவென்று வீட்டிலுள்ளவர்களும் விளங்கிக்கொள்வது நல்லது. விளங்காத விடயத்தில்தான் வீண் பயமும் வருகிறது, ஏமாறவும் நேரிடுகிறது.

கர்ப்ப காலத்தில் நீங்கள் ஸ்கேன் எடுத்திருப்பீர்கள். வயிற்றின்மேல் ஒரு சிறு கருவியை வைத்து நகர்த்துகிறார்கள். காதுக்குக் கேளாத ஒலி உள்ளே போகிறது. நீர், தசை, எலும்பு என்று ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும் ஒவ்வோர் எல்லையிலும் அந்த ஒலியில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. திரும்பி வந்தவற்றைச் சேர்த்துக் கணினி படமாக்க, பிள்ளையின் முகம் திரையில் தெரிகிறது. பெற்றோலியப் புவிப்பௌதிகவியலாளர் செய்வதும் இதே வேலைதான். அவர் ஸ்கேன் எடுப்பது பூமியை.

தரையிலென்றால் பாரமான லொறிகள் ஒரு தட்டை நிலத்தில் அழுத்தி அதிரச் செய்கின்றன. சில இடங்களில் துளையிட்டுச் சிறு வெடி வைப்பதும் உண்டு. கடலிலென்றால், அமுக்கி வைத்த காற்றை நீருக்குள் திடீரெனத் திறந்துவிடும் கருவிகளைக் கப்பல் இழுத்துச் செல்கிறது. அதற்குப் பின்னால் பல கிலோமீற்றர் நீளமான வடங்கள் வால்போல வரும். எதிரொலியைக் கேட்கும் கருவிகள் அவற்றில் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஓர் எதிரொலி 2 செக்கனில் திரும்பியதென்று வையுங்கள். அந்தப் பாறைகளில் ஒலி செக்கனுக்குச் சராசரியாக 3,000 மீற்றர் ஓடுமானால், போக 1 செக்கன், வர 1 செக்கன். ஆகவே அந்த எல்லை இருப்பது 3,000 மீற்றர் ஆழத்தில். சாதாரண தரப் பிள்ளையும் போட்டுவிடும் கணக்கு. சிக்கல் என்னவென்றால், அந்த 3,000 என்ற எண் யாருக்கும் முன்கூட்டியே தெரியாது. பாறைக்குப் பாறை வேகம் மாறும். எதிரொலிகள் ஒன்றின்மேல் ஒன்று விழும். கடலின் இரைச்சல் வந்து கலக்கும். சாய்ந்து கிடக்கும் பாறைப்படை தன் உண்மையான இடத்தை விட்டு வேறோர் இடத்தில் இருப்பதாகத் தோன்றும். இத்தனை குழப்பத்தையும் சரிசெய்து உண்மையான படத்தை எடுப்பதற்குத்தான் இவ்வளவு பௌதிகவியலும் கணிதமும் தேவைப்படுகின்றன.

இன்னொன்று. எண்ணெய் பூமிக்குள் குளம்போலத் தேங்கிக் கிடப்பதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியல்ல. வட்டிலப்பத்தின் சின்னச் சின்னத் துளைகளில் பாணி ஊறி நிற்பதுபோல, மணற்கல்லிலும் சுண்ணாம்புக்கல்லிலும் உள்ள நுண்ணிய துளைகளில் ஊறி நிற்கிறது. அது மேலே கசிந்து போய்விடாதபடி ஒரு களிப்பாறையோ உப்புப் படையோ கவிழ்த்த கோப்பைபோல மூடியிருக்க வேண்டும். அந்தக் கோப்பை எங்கே கவிழ்ந்திருக்கிறது என்று தேடுவதுதான் இந்தத் தொழில்.

இந்த எண்ணெய்க்கும் நம் வீடுகளுக்கும் உள்ள உறவு சின்னதல்ல. சவூதி அரேபியாவில் தஹ்ரானுக்கருகே துளைத்த முதல் ஆறு கிணறுகளும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. 7ஆம் இலக்கக் கிணற்றை இன்னும் ஆழமாகத் துளைத்து, 1938 மார்ச்சில் ஏறத்தாழ 1,440 மீற்றர் ஆழத்தில் எண்ணெயைக் கண்டார்கள். மெக்ஸ் ஸ்டைனிக்கி என்ற அமெரிக்கப் புவிச்சரிதவியலாளரின் பெயர் அந்த வரலாற்றில் முதலில் வரும். அவருக்குப் பாலைவனத்தில் வழிகாட்டியவர் கமீஸ் பின் ரிம்தான் என்ற பதுவி. வரைபடம் கையிலில்லாமலே மணலில் திசையும் இடமும் சொல்லக்கூடியவர். பின்னாளில் ஓர் எண்ணெய் வயலுக்கு ரிம்தான் என்று அவர் பெயரையே வைத்தார்கள். அந்த மண்ணில் நம் ஆண்களும் பெண்களும் சாரதியாக, சமையலாளாக, பணிப்பெண்ணாக உழைத்து அனுப்பிய பணம் நம் ஊர்களில் வீடாகவும் கடையாகவும் பள்ளியாகவும் நிற்கிறது. எங்கே துளைப்பது என்று தீர்மானிக்கும் மேசையில் நம் வீட்டுப் பிள்ளை ஒருத்தி உட்கார ஆசைப்படுகிறாள் என்றால், கேட்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

நம் நாட்டிலும் இந்தத் தேடல் நடந்திருக்கிறது. 1970களில் சோவியத் உதவியோடு மன்னார்த் தீவில் பேசாலையில் கிணறு துளைத்துப் பார்த்தார்கள், பயன் கிடைக்கவில்லை. பின்னர் 2008இல் மன்னார்க் கடலில் ஒரு பகுதி கெய்ர்ன் இந்தியாவின் துணைக் கம்பனிக்கு வழங்கப்பட்டது. அவர்கள் முதலில் கடலை ஸ்கேன் எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து இடம் குறித்து, 2011இல் டொராடோ என்ற கிணற்றைத் துளைத்தார்கள். கடல் மட்டும் 1,350 மீற்றர் ஆழம். 3,000 மீற்றரைத் தாண்டியதும் சுமார் 25 மீற்றர் தடிப்பில் இயற்கை வாயு கொண்ட மணற்கல் கிடைத்தது. பரகூடா என்ற அடுத்த கிணற்றிலும் வாயு இருந்தது. வேறு இரண்டு கிணறுகள் வெறுமையாகப் போயின. 2015இல் அந்தக் கம்பனி விலகிக்கொண்டது. கண்ட வாயு இன்னும் எடுக்கப்படவில்லை.

இதிலிருந்து இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, மிகச் சிறந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டும் நான்கில் இரண்டு பொய்த்தன. ஆழ்கடலில் ஒரு கிணற்றுக்குக் கோடிக்கணக்கான டொலர் செலவாகும். அந்தப் படத்தைச் சரியாக வாசிக்கக்கூடிய ஒருவருக்கு ஏன் நல்ல சம்பளம் கொடுக்கிறார்கள் என்று இப்போது விளங்கும். மற்றது, மன்னாரில் வாயு வந்ததும் வேலை கொட்டும் என்று யாராவது சொல்லிப் பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, படிப்புக்கு வருவோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பெற்றோலியப் பொறியியல் வேறு, பெற்றோலியப் புவிப்பௌதிகவியல் வேறு. கண்டுபிடித்த எண்ணெயைத் துளைத்து வெளியே எடுப்பவர் பொறியியலாளர். அது எங்கே இருக்கிறதென்று தேடுபவர் புவிப்பௌதிகவியலாளர். விளம்பரங்களில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து 'பெற்றோலியப் பட்டம்' என்று போட்டுவிடுகிறார்கள். கடிதத்தில் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இந்த மகள் ஆசைப்படுவது இரண்டாவது. அவளுக்குக் காட்டப்பட்ட பட்டமோ முதலாவது போலத் தெரிகிறது.

புவிப்பௌதிகவியலுக்குப் போவதற்கு முதற் பட்டத்தின் பெயரில் பெற்றோலியம் என்ற சொல் இருக்கத் தேவையே இல்லை. இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் மிக முக்கியமான வார்த்தை இதுதான். உலகத்தின் நல்ல புவிப்பௌதிகவியல் பீடங்கள் முதுமாணி வகுப்புக்குப் பௌதிகவியல், கணிதம், புவிச்சரிதவியல், பொறியியல் படித்த பிள்ளைகளையும் விரும்பிச் சேர்க்கின்றன. பௌதிகவியலும் கணிதமும் ஆழமாகத் தெரிந்தவளுக்கு எண்ணெய்ப் பாறைகளைப் பற்றி இரண்டு வருடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். எண்ணெயைப் பற்றி மட்டும் நான்கு வருடம் படித்தவளுக்குப் பின்னால் கணிதத்தைப் புகட்டுவது கடினம்.

உயர்தரத்திலேயே இதற்கான அத்திவாரம் இருக்கிறது. பௌதிகவியலில் அலைவுகளும் அலைகளும் என்ற பகுதியைப் பிள்ளைகள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஒளிமுறிவுக்குப் படித்த சினெல்லின் விதிதான் பாறைக்குள் போகும் ஒலிக்கும் பொருந்துகிறது. இணைந்த கணிதத்தின் வகையிடலும் தொகையிடலும் காவிகளும் இந்தத் தொழிலில் ஒவ்வொரு நாளும் வேண்டும். இரசாயனவியலையும் ஒதுக்கிவிட முடியாது. கடலடியில் புதைந்த நுண்ணுயிர்கள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் எண்ணெயாக மாறுவது இரசாயனவியல்தானே.

இலங்கையில் எங்கே படிக்கலாம்? பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் புவிச்சரிதவியலுக்கெனத் தனித் திணைக்களம் இருக்கிறது. மொறட்டுவையில் பொறியியல் பீடத்தில் புவிவளப் பொறியியல் இருக்கிறது. இஸட் புள்ளி வேறெங்காவது கொண்டுபோய் விட்டாலும் கவலைப்பட வேண்டாம். எந்த விஞ்ஞான பீடத்திலும் பௌதிகவியலும் கணிதமும் படிக்கலாம். பேராதனை கிடைத்தால் பௌதிகவியல், கணிதம், புவிச்சரிதவியல் ஆகிய மூன்றையும் சேர்த்து எடுக்க வழியுண்டா என்று சேர்ந்த முதல் வாரத்திலேயே விசாரிக்கட்டும். மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நின்றுவிடாமல் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தைக் குறிவைக்க வேண்டும். அதற்குத் தெரிவாவதற்கு ஆரம்ப வருடப் பெறுபேறுகளைத்தான் பார்ப்பார்கள். முதல் வருடம் விளையாட்டாகப் போய்விட்டால் பிறகு அழுது பயனில்லை.

அந்த முதல் வருடத்தில் நம் பிள்ளைகளை விழுத்துவது பாடமல்ல, ஆங்கிலம். தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளை விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்து, தெரிந்த விடயத்தையே தெரியாததுபோலக் கேட்டுக்கொண்டிருக்கும். பெறுபேறு வரும்வரை இருக்கும் மாதங்களை இதற்குப் பயன்படுத்துங்கள். உயர்தரத்தில் தமிழில் படித்த பௌதிகவியலையே ஒரு தரம் ஆங்கிலப் புத்தகத்தில் வாசிக்கட்டும். விடயம் தெரிந்தது என்பதால் மொழி தானாக ஏறும். கூடவே பைதன் என்ற கணினி மொழியைப் பழகட்டும். அதற்குப் பணம் கட்டி வகுப்புக்குப் போகத் தேவையில்லை. இணையத்தில் இலவசமாகவே பாடங்கள் கிடைக்கின்றன.

பட்டப்படிப்பின்போது வகையீட்டுச் சமன்பாடுகள், புள்ளிவிபரவியல், கலந்து வந்த ஓசையைத் தனித்தனி அதிர்வுகளாகப் பிரித்துக்காட்டும் ஃபூரியே முறை ஆகியவற்றை விட்டுவிடக் கூடாது. பாறைகளைப் பொறுத்தவரை, படிவுப் பாறைகள் எப்படி உருவாகின்றன என்பதை நன்றாகப் படிக்க வேண்டும். 11ஆம் நூற்றாண்டில் அல்-பீரூனி இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில் இதற்கு ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. மலையடிவாரத்தில் ஆற்றுக் கற்கள் பெரிதாக இருக்கின்றன, தூரம் போகப் போகச் சிறுக்கின்றன, கடலை நெருங்கும்போது மணலாகிவிடுகின்றன. ஆகவே இந்தச் சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து ஆற்று மண்ணால் நிரம்பியது என்று அவர் விளக்கியிருக்கிறார். இன்று படிவியல் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதும் ஏறக்குறைய இதுவே. நம் மேடைகளில் அல்-பீரூனியின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம்; அவர் பார்த்ததுபோல ஆற்றங்கரைக் கல்லைக் குனிந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

எதிரொலிகளைப் படமாக்கும் கலைக்கு உலகமெங்கும் மாணவர்கள் கையில் வைத்திருக்கும் பெரிய நூலை எழுதியவர் ஓஸ் யில்மாஸ் என்ற துருக்கியர். 1987இல் முதலில் வெளிவந்து, 2001இல் இரண்டு பாகங்களாக விரிவாக்கப்பட்டது. ஒரு காலத்தில் வாங்க நினைத்தும் பார்க்க முடியாத விலை. இப்போது அமெரிக்காவின் ஆய்வுப் புவிப்பௌதிகவியலாளர் சங்கத்தின் இணையக் களஞ்சியத்தில் இலவசமாக வாசிக்கலாம். நெதர்லாந்தின் வடகடலில் எடுத்த எஃப்3 என்ற உண்மையான கடல் ஸ்கேன் தரவுகளும், அவற்றைத் திறந்து பார்க்கும் ஓப்பன்டெக்ட் என்ற மென்பொருளும் இலவசம். அக்கரைப்பற்றிலோ புத்தளத்திலோ வீட்டு மேசையில் இருந்துகொண்டே ஒரு பிள்ளை கடலுக்கடியில் இருக்கும் பாறைப் படைகளைப் பார்க்கலாம். இரண்டாம் வருடத்தில் இதைத் தொட்டுப் பார்த்தவளுக்கு, இந்தத் தொழில் தனக்குப் பிடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். காணி விற்றுக் கடல் கடந்து போன பிறகு தெரிவதைவிட இது மேலல்லவா?

இனி, தாய்மார் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி. பெண்பிள்ளை காடு, கடல் என்று ஆண்களோடு அலைய வேண்டி வருமா?

மேரி தார்ப் என்ற அமெரிக்கப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போருக்கு ஆண்கள் போய்விட்டதால் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பெற்றோலியப் புவிச்சரிதவியல் வகுப்பில் பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வாய்ப்பில் முதுமாணி முடித்து, துல்சா நகரில் ஓர் எண்ணெய்க் கம்பனியில் சேர்ந்தார். பெண் என்பதால் களத்துக்குப் போக அனுமதியில்லை. அலுவலகத்தில் இருந்து ஆண்கள் கொண்டுவரும் விபரங்களை ஒழுங்குபடுத்துவதுதான் வேலை. அவர் அங்கே இருந்தபடியே கணிதத்தில் இன்னொரு பட்டம் பெற்றார். 1948இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கும் ஆய்வுக் கப்பலில் பெண்களை ஏற்ற மாட்டார்கள். கப்பல்கள் எதிரொலியால் அளந்து கொண்டுவந்த கடல் ஆழங்களை மேசையில் வைத்து, ஒவ்வொரு புள்ளியாகக் குறித்து வரைந்துகொண்டே போனார். அத்திலாந்திக் கடலின் நடுவில் ஓடும் மலைத்தொடரின் உச்சி நெடுகப் பிளந்து ஒரு பள்ளத்தாக்கு இருப்பது அவர் கண்ணில் பட்டது. கண்டங்கள் விலகிச் செல்கின்றன என்பதற்கு அது ஒரு பெரிய சாட்சி. கூட வேலை செய்தவர் முதலில் அதைப் பெண்கள் பேச்சு என்று தள்ளிவிட்டார். பின்னர் ஏற்றுக்கொள்ள வேண்டி வந்தது. மேரி தார்ப் முதன்முறை ஆய்வுக் கப்பலில் ஏறியது 1968இல். கடலடியின் அந்தப் பள்ளத்தாக்கை அவர் கண்டுபிடித்து அப்போது ஏறத்தாழ 15 வருடங்கள் கடந்திருந்தன.

அவரைத் தடுத்தது அநியாயம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நமக்குப் பயன்படும் ஒரு செய்தியும் அதில் இருக்கிறது. இந்தத் தொழிலில் மூன்று வகை வேலை உண்டு. களத்தில் நின்று அதிர்வுகளைப் பதிவு செய்வது ஒன்று. கப்பலில் வாரக்கணக்கில் இருப்பவர்கள் இவர்கள்தான். பதிந்த தரவைக் கணினியில் சுத்தப்படுத்திப் படமாக்குவது இரண்டாவது. படத்தை வாசித்து எங்கே துளைப்பது என்று சொல்வது மூன்றாவது. பின்னைய இரண்டும் அலுவலக மேசையில் நடப்பவை. உங்கள் மகள் பெரும்பாலும் வேலை செய்யப் போவது கணினிக்கு முன்னால். மஹ்ரம் இல்லாத பயணம் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் தகுதியுடையவளல்ல; நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேளுங்கள். கேட்கும்போது 'எண்ணெய்க் கப்பல் வேலை' என்று சொல்லிக் கேட்காமல், இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லிக் கேளுங்கள். கேள்வி சரியாக இருந்தால்தான் பதிலும் சரியாக வரும்.

ஆனால் புவிச்சரிதவியல் படித்தால் களப்பயணம் கட்டாயம். பாறையைப் பார்க்காமல் பாறை படிக்க முடியாது. திணைக்களத்தில் பெண் விரிவுரையாளர்கள் யாரும் இருந்தால் உம்மாவே நேரில் போய்ப் பேசலாம். தங்குமிடம் எப்படி, யார் கூடப் போவார்கள் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது பணம். சவூதியில் செங்கடலோரம் துவல் என்ற இடத்தில் 2009இல் மன்னர் அப்துல்லா விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. அங்கே முதற் பட்டம் கிடையாது. முதுமாணியும் கலாநிதிப் பட்டமும் மட்டுமே. தெரிவாகும் மாணவர்களுக்குக் கட்டணம் இல்லை, தங்குமிடம் தருகிறார்கள், மாதாந்தக் கொடுப்பனவும் தருகிறார்கள். புவி விஞ்ஞானம் அங்கே பலமான துறை. தொடக்கத்திலிருந்தே ஆண்களும் பெண்களும் படிக்கிறார்கள். தஹ்ரானில், அந்த 7ஆம் இலக்கக் கிணற்றின் பக்கத்திலேயே, மன்னர் பஹ்த் பெற்றோலிய கனிய வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1963இல் கல்லூரியாக நிறுவப்பட்டு, நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டுமே என்றிருந்த அந்த இடம், 2021இல்தான் முதன்முறையாக இளமாணி வகுப்புகளுக்குப் பெண்களைச் சேர்த்தது. முதுமாணி படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு அங்கும் புலமைப்பரிசில் உண்டு. இந்தியாவில் தன்பாத்தில் 1926இல் சுரங்கக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் இன்று ஐ.ஐ.டி. ஆகியிருக்கிறது, பயன்பாட்டுப் புவிப்பௌதிகவியலில் பழைய பெயர் அதற்கு. இலங்கை மாணவர்களுக்கான இந்திய அரசின் புலமைப்பரிசில்களைக் கொழும்பிலுள்ள இந்திய உயர்ஸ்தானிகராலயம் அறிவிக்கும்.

கவனியுங்கள்: இவற்றில் எதற்கும் காணி விற்க வேண்டியதில்லை. இந்தத் துறையில் தேர்ந்த பிள்ளைக்கு முதற் பட்டத்துக்குப் பிறகுதான் பிறர் பணம் வருகிறது. அதுவரை தேவைப்படுவது இலங்கையிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

ஒரு கசப்பான விடயத்தையும் மறைக்கக் கூடாது. எண்ணெய் விலை ஏறினால் இந்தத் தொழிலில் ஆட்களைத் தேடித் தேடி எடுப்பார்கள். விழுந்தால் முதலில் நிறுத்துவதும் தேடல் பிரிவைத்தான். 2014 நடுப்பகுதியில் பீப்பாய் 100 டொலருக்கு மேல் விற்றது, 2016 தொடக்கத்தில் 30 டொலருக்கும் கீழே போனது. 2020 ஏப்ரல் 20ஆம் திகதி அமெரிக்கச் சந்தையில் விலை பூச்சியத்துக்கும் கீழிறங்கியது. 2023இல் துபாயில் கூடிய காலநிலை மாநாட்டில் எண்ணெய், வாயு, நிலக்கரியிலிருந்து படிப்படியாக விலகுவதென்று நாடுகள் இணங்கின. இன்று 19 வயதான பிள்ளை இன்னும் 40 வருடம் உழைக்க வேண்டியவள். முடித்த கையோடு வேலை நிச்சயம் என்று எந்த முகவரும் சொல்ல முடியாது.

அதனால்தான் திரும்பத் திரும்பப் பௌதிகவியல், கணிதம் என்கிறேன். பூமியை ஸ்கேன் எடுக்கத் தெரிந்தவள் எண்ணெய்க்கு மட்டும் உரியவளல்ல. வரண்ட பிரதேசத்தில் எங்கே குழாய்க்கிணறு அடித்தால் தண்ணீர் வரும் என்று பார்க்க நிலத்துக்குள் மின்சாரத்தைச் செலுத்தி அளக்கிறார்கள், அதுவும் புவிப்பௌதிகவியல். மலைநாட்டு மண்சரிவுக்கும் அது வேண்டும். நோர்வே நாட்டின் ஸ்லைப்னர் வயலில் 1996 முதல் காபனீரொட்சைட்டைக் கடலடிப் பாறைக்குள் செலுத்திப் புதைக்கிறார்கள். அது வெளியே கசிகிறதா என்று கண்காணிப்பதும் இதே எதிரொலிப் படத்தால்தான். கிழக்குக் கரைச் சகோதரிகளுக்கு 2004 டிசம்பர் 26ஐ நான் நினைவூட்டத் தேவையில்லை. சுமாத்ராவுக்கு அப்பால் பூமி அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் அலை நம் கரைக்கு வந்தது. அதிர்வைப் பதியும் கருவி பள்ளேகலையில் 2000ஆம் ஆண்டு முதலே இருந்தது. அதைப் பார்த்து ஊருக்குச் சொல்லும் ஒழுங்குதான் அன்று இந்து சமுத்திரம் முழுவதிலும் இருக்கவில்லை.

முகவர் நிலையத்துக்கு மறுபடி போக வேண்டி வந்தால், சில கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தை நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா? பாடத்திட்டத்தில் கணிதமும் பௌதிகவியலும் எத்தனை பாடங்கள்? பட்டம் பொறியியலா, புவிப்பௌதிகவியலா? வேலை உறுதி என்கிறார்களே, அதை எழுத்தில் தருவார்களா? முதல் கேள்விக்கு முகவரின் வாய்ப்பேச்சை ஏற்காமல் ஆணைக்குழுவிடமே கேட்டு எழுத்தில் பெறுங்கள்.

"இத்தனை வருடமும் படித்தால் கலியாணம்?" என்று மாமிமார் கேட்பது எனக்கு இங்கேயே கேட்கிறது. சிறப்புப் பட்டம் நான்கு வருடம், முதுமாணி இரண்டு வருடம். பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் காலத்தையும் சேர்த்தால் பிள்ளைக்கு 26 வயதாகலாம். டொக்டருக்குப் படிக்கும் பிள்ளைக்கும் கிட்டத்தட்ட இவ்வளவு காலம் போகிறது. அந்த வீட்டில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. முதற் பட்டத்துக்குப் பிறகு கலியாணம் முடித்துக் கணவனும் மனைவியுமாகப் போய் முதுமாணி படிப்பவர்களும் இருக்கிறார்கள். பெண் பார்க்க வருபவர்களிடம் இதை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: பெறுபேறு வந்ததும் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலை வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் பாடநெறிகளை எந்த வரிசையில் போடுவதென்பதுதான் முதல் வேலை. முடிவுத் திகதியைத் தவறவிடாதீர்கள். மகளின் இஸட் புள்ளியையும் மாவட்டத்தையும் குறித்து எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். வரிசையைச் சேர்ந்தே பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.